உதறு, மடி

— வலது பக்கம்! வலது பக்கம் போடுடின்னா நீ—

— போட்டுக்கிட்டுத்தான்க்கா இருக்கேன், நீங்கதான் எனக்கு எதிர்ப்பக்கம்—

— யாரு, நானா? பின்னாடி உட்கார்ந்துக்கிட்டு கூழ் கிண்டுற மாதிரி துடுப்பைக் கிண்டுறது நீ. படகு ராட்டினமாட்டம் சுத்துது, பழி எம் மேல!

— அக்கா, தனபாக்கியம் அக்கா, ஒரு நிமிஷம். ரெண்டு பேருமே துடுப்பைத் தூக்கிருவோம். ஆங். இப்ப நேரா பாருங்க. என்ன தெரியுது?

— படித்துறை தெரியுது. நம்ம பஸ்ஸு தெரியுது.

— நாம கிளம்பின படித்துறை. அது நமக்கு முதுகுப் பக்கம் இருக்கணும்.

— மத்தவங்கல்லாம் எங்கடி?

— எப்பவோ அலையாத்திக் காட்டுக்குள்ள பூந்து போயாச்சு. ராகுலும் மீனாவும் போன வேகத்துக்கு இந்நேரம் பந்தயக் கொடிகிட்ட நெருங்கியிருப்பாங்க. நாகப்பட்டினத்துக்காரி, கடல்காரப் பொண்ணுன்னு நம்பி உங்ககூட ஏறினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.

— இந்தா பாரு ஷமீரா. எங்க ஊருல பொம்பளை மீன் விப்பா, கருவாடு போடுவா, வலை பின்னுவா. படகுல மட்டும் காலை வைக்கவிட மாட்டாங்க. சின்னப் பிள்ளையில ஒரு தடவை எங்கப்பா படகுல ஏறி விளையாடிட்டேன். அன்னிக்கு அந்தப் படகு கடலுக்கே போகலை, தெரியுமா? நான் துடுப்பைக் கையில தொடுறதே இன்னிக்குத்தான்.

— யா அல்லா! இதை அந்த ஹெச்.ஆர். பொண்ணு பூமிகாகிட்ட சொல்லியிருக்கலாம்ல?

— எங்க சொல்லவிட்டா? 'நம்ம பட்டு செக்‌ஷன் தனபாக்கியம் மேடம் ஃபிஷிங் ஃபேமிலி, அவங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை'ன்னு மைக்கைப் பிடிச்சு அறிவிச்சுட்டா. எல்லாரும் கையைத் தட்டுறாங்க. எனக்கு இதுக்கு முன்னாடி யாருடி கை தட்டியிருக்கா? இல்லேன்னு சொல்ல வாய் வரலை.

— நல்லா வரலை போங்க. ஜவுளிக்கடை ஆளுங்களை தஞ்சாவூருலேர்ந்து ஒரு பஸ் நிறைய ஏத்திட்டு வந்து, முத்துப்பேட்டைத் தண்ணியில தள்ளிவிட்டு, இதுக்குப் பேரு டீம் பில்டிங்காம். நேத்து கோடியக்கரையில மான் பாத்ததோட திரும்பியிருக்கலாம்.

— மான் நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு விளையாட்டு வச்சாங்களே. கண்ணை மூடிக்கிட்டுப் பின்னாடி சாயுங்க, கூட வேலை பாக்கறவங்க தாங்கிப் பிடிப்பாங்கன்னு. என்னைப் பிடிக்க வேண்டியது யாரு?

— நான்தான்.

— பிடிச்சியா?

— நீங்க சொல்லாமக் கொள்ளாம சாஞ்சீங்க! அதுவுமில்லாம, எம் மேல உங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை இருக்கும்னு நான் நெனைக்கவே இல்லக்கா. ஆடித் தள்ளுபடியிலேர்ந்து நாம பேசிக்கிறதே இல்லையே.

— பேசுவேனாக்கும். பாபநாசம் கல்யாண வீடு, முகூர்த்தப் புடவை எடுக்க என் கவுன்ட்டருக்கு வந்துச்சு. நீ நடுவுல பூந்து, 'வாங்கம்மா, காட்டன்ல புதுசு வந்திருக்கு'ன்னு மொத்தப் பேரையும் ஓட்டிட்டுப் போனே. திரும்பி வரும்போது ஜரிகையும் வேணாம் பட்டும் வேணாம்னு போயிட்டாங்க. பேசுவேனா உன்கிட்ட?

— இப்பப் பேசிக்கிட்டுத்தான இருக்கீங்க.

— இது பேச்சு இல்லடி, சண்டை.

— சரி, சண்டையைப் போட்டுக்கிட்டே துடுப்பையும் போடுங்க. கொடியை எடுத்தா என்ன கிடைக்கும்னு நெனப்பிருக்கா இல்லையா?

— அது இல்லாமயா இந்தச் சனியன்ல ஏறினேன்? முதல்ல கொடியை எடுக்கற ஜோடி மொதலாளிகிட்ட ஒண்ணு கேக்கலாம், அவரு முடியாதுன்னு சொல்லக்கூடாது. மைக்குல அவரே சொன்னாருல்ல?

— அவரே சொன்னாரு. அதனால நாம ஜெயிச்சா, மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை லீவு கேப்போம். கேட்டா கொடுத்துருவாரு.

— ஞாயித்துக்கிழமையாவது திங்கக்கிழமையாவது. ஸ்டூல் கேக்கப்போறேன்.

— என்னது?

— உட்காருற ஸ்டூல். ஒவ்வொரு கவுன்ட்டருக்கும். காலைல கடை திறக்கறப்போ நிக்க ஆரம்பிச்சா, ஷட்டர் இறங்கற வரைக்கும் நிக்கிறோம். சாப்பாட்டு நேரத்துல பத்து நிமிஷம் தவிர முட்டி மடங்கறதில்லை. இனிமே நிக்கமாட்டேன்.

— அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும், அதைக் கேக்காதீங்க. மரியபுஷ்பம் அக்காவை மறந்துட்டீங்களா? ஒரு நாள் தலை சுத்துதுன்னு போர்வை மூட்டை மேல உட்கார்ந்தாங்க. கேமராவுல பாத்துட்டு நம்ம ஃப்ளோரைப் பாத்துக்கற தியாகராசன் சார் மறுநாளே குடோனுக்கு அனுப்பிட்டாரு. அங்கே தூசியில இருமி இருமி, அவங்களே வேலையை விட்டுட்டுப் போனாங்க.

— மறக்கலை. மறக்காததாலதான் கேக்கறேன். கடையில வேலை பாக்கறவங்களுக்கு உட்கார இடம் கொடுக்கணும்னு சட்டமே வந்தாச்சு. ஸ்டூலும் வாங்கினாங்கல்ல? எங்கே இருக்கு அந்த ஸ்டூலெல்லாம்?

— ஷோகேஸ்ல.

— அதுல யாரு உட்கார்ந்திருக்கா?

— பொம்மை.

— ஆங்! சுடிதார் போட்ட பொம்மை காலை மேல கால் போட்டு உட்கார்ந்திருக்கு. அதுக்கு மூட்டு வலியாம்.

— சிரிப்புக் காட்டாதீங்க, படகு ஆடுது. ஞாயித்துக்கிழமை கேட்டா யாருக்கும் கோவம் வராதுக்கா. ஸ்டூல் கேட்டா ஃப்ளோர் சார் மூஞ்சியில அடிச்ச மாதிரி. நமக்கு எதுக்கு?

— உனக்கு எதுக்கோ தெரியாது. எனக்கு வேணும்.

— அப்ப நான் துடுப்புப் போடலை.

— போடாதே. நீ போட்டுத்தான் இதுவரைக்கும் என்ன கிழிச்சுச்சு? நான் ஒருத்தியாவே—

— அக்கா.

— என்ன?

— பின்னாடி ஒரு படகு வருது. மொதலாளி. அவரும் தியாகராசன் சாரும்.

— எங்கே?

— இந்தா, பக்கத்துலயே வந்துட்டாங்க!

— வணக்கம் மொதலா—

— அக்கா, எந்திரிக்காதீங்—

— நீயும் எந்திரிச்சுட்டியேடி! ஐயோ, சாயுது, சாயுது! பிடி, பிடி—

— எதைப் பிடிக்கிறது! யா அல்லா!

— ப்பூ! த்தூ! உப்பு! ஷமீரா! ஏய் ஷமீரா, எங்கடி இருக்கே?

— இங்கதான்க்கா இருக்கேன். கத்தாதீங்க. காலை ஊனுங்க.

— முங்கிருவேன்டி!

— முங்க மாட்டீங்க. இடுப்பளவு தண்ணிதான். எந்திரிச்சு நில்லுங்க.

— ...ஆமா. சேறு காலைக் கவ்வுது. மொதலாளி எங்கே?

— போயிட்டாங்க. நல்லாருக்கீங்களான்னு கேட்டாரு. நான் கையைக் காட்டினேன். தியாகராசன் சார் சிரிச்சுக்கிட்டே, குறுக்கு வாய்க்கால்ல போயிரலாம்னு மொதலாளியை அந்தப் பக்கம் திருப்பிக் கூட்டிட்டுப் போனாரு.

— சிரிச்சானா?

— சிரிக்காம? அக்கா, நீங்க ஏன் எந்திரிச்சீங்க?

— மொதலாளி வந்தா எந்திரிக்காம என்ன பண்றது? நீ ஏன் எந்திரிச்சே?

— எனக்குத் தெரியலைக்கா. அவரைப் பாத்ததும் காலு தன்னால எந்திரிச்சுருச்சு.

— படகுல.

— படகுலயேதான்.

— ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு கும்பிடு போட்டிருக்கோம்டி. கரகாட்டக்காரி கூட இப்படி நிக்கமாட்டா.

— என்னால முடியலைக்கா, சிரிக்க வைக்காதீங்க. வாயில சேறு போவுது.

— சிரி. நல்லா சிரி. அந்த முத்துப்பேட்டைப் படகுக்கார பாய், அல்லா பிச்சை, காலைல எத்தனை சொன்னாரு? துடுப்பு விழுந்தா எடுத்துக்கலாம், முதலை கிடையாது, பயப்படாதீங்கன்னு எல்லாத்தையும் சொன்னாரு. மொதலாளி வந்தா எந்திரிக்காதீங்கன்னு மட்டும் சொல்லலை. பாவம், அவருக்கு ஜவுளிக்கடையைப் பத்தி என்ன தெரியும்!

— படகை நிமித்தலாம், வாங்க. நான் அந்தப் பக்கம் பிடிக்கிறேன். அக்கா, பேண்ட்டைச் சுருட்டிவிட்டுக்குங்க, சேறு இழுக்குது.

— வேணாம். அப்படியே இருக்கட்டும்.

— நனைஞ்சு கனமா இருக்குக்கா, நான் சுருட்டிவிடறேன் நில்லுங்க. ...என்னக்கா இது?

— ஒண்ணுமில்லை. விடுடி.

— காலு பூரா கட்டு. நனைஞ்சு அவுந்து கெடக்கு. இந்த நரம்பு ஏன் இப்படிப் புடைச்சுக்கிட்டு, கறுப்பா, மண்புழு ஓடுற மாதிரி...

— சுருட்டிக்கிச்சு. ரெண்டு காலும். ரத்தம் கீழே போனா மேலே வரமாட்டேங்குதாம். நின்னு நின்னு வர்றதுதான். புதுசா ஒண்ணும் இல்லை, நம்ம மூணு மாடியில பாதிப் பேருக்குத் துணிக்கு உள்ளே இதுதான் இருக்கு.

— டாக்டர் என்ன சொன்னாரு?

— உட்கார்ந்து வேலை பாக்கணும், இல்லேன்னா வேலையை விடணும்னாரு. புண்ணு வந்துட்டா ஆறாதாம். பொங்கல் சீசன் முடிஞ்சதும் விட்டுடறேன்னு வீட்டுல சொல்லிட்டேன். அவரும் சரின்னுட்டாரு. கடையில யாருக்கும் தெரியாது. உனக்கும் தெரிஞ்சிருக்காது, நாமதான் பேசிக்கறதில்லையே.

— விட்டுட்டு என்னக்கா செய்வீங்க?

— அதான் தெரியலை. வீட்டுல உட்கார்ந்தா மூணாம் நாளே பைத்தியம் பிடிச்சுரும் எனக்கு. புடவையை விரிச்சுப் போட்டதும் ஒருத்தி முகம் மாறும் பாரு, 'அய்யோ இது எனக்கா'ங்கற மாதிரி. அந்த முகத்தைப் பாக்கத்தான் நான் தினமும் வர்றேன். எனக்கு வேலையை விட வேணாம்டி. உட்காரணும், அவ்வளவுதான்.

— முதல்ல ஏறுங்க. நான் பிடிச்சுக்கறேன்.

— நேத்து மாதிரியா?

— நேத்து மாதிரி இல்லை. ஏறுங்க. ஆங், குண்டியை நடுவுல வைங்க. இப்ப நான் ஏறறேன், ஆடாதீங்க. அக்கா, ஸ்டூலே கேப்போம்.

— ஞாயித்துக்கிழமை?

— ஞாயித்துக்கிழமை கிடக்குது. ஆனா கேக்கறதுக்கு முதல்ல கொடிகிட்டப் போகணும். இப்படிச் சுத்திக்கிட்டே இருந்தா பொங்கல் இங்கேயே வந்துரும்.

— அதுக்குத்தான் நான் வலதுன்னு சொன்னா நீயும்—

— நீங்க சொல்லி நான் போடறதுக்குள்ள நீங்க அடுத்ததுக்குப் போயிடறீங்க. சொல்லக்கூடாதுக்கா. சொல்லாமயே ரெண்டு கையும் ஒண்ணாப் போகணும். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல என்னை உங்க கவுன்ட்டர்லதானே போட்டாங்க? கூட்டம் போனதும் மலையாக் கெடக்கும் புடவை. நீங்க ஒரு முனை, நான் ஒரு முனை. ஒரு வார்த்தை பேசமாட்டோம். கண்ணை மூடிக்கிட்டே மடிச்சுத் தள்ளுவோமே.

— உதறுவோம், சேருவோம், மடிப்போம்.

— அதேதான். வலது பக்கம் உதறு. இடது பக்கம் மடி. சொல்லிப் பாருங்க.

— உதறு.

— மடி.

— உதறு.

— மடி. அக்கா, நேராப் போவுது!

— பேசாதே, தப்பிரும். உதறு.

— மடி.

— உதறு. இன்னும் கொஞ்சம் இழுத்து உதறுடி, இது காட்டன் இல்லை, ஒன்பது கஜம்.

— மடி! சும்மா சொல்லக்கூடாதுக்கா, மெஷின் மாதிரி போவுது. படித்துறையைக் காணோம் பாருங்க!

— திரும்பிப் பாக்காதே. உதறு.

— மடி.

— ரெண்டு பக்கமும் காடு. இந்த வேரைப் பாரேன், தண்ணிக்கு மேல ஊசி ஊசியா நட்டுவச்ச மாதிரி. அங்க என்னடி ஓடுது, சேத்துல? நாயா?

— நரிக்கா! நம்மளைத் திரும்பிப் பாத்துட்டுப் போவுது.

— நரி முகம் பாத்தாச்சு. அப்ப இன்னிக்கு நல்லதுதான். உதறு.

— மடி. அக்கா... துடுப்பைக் கொஞ்சம் நிறுத்துங்க. மெதுவா. சத்தம் போடாதீங்க.

— என்ன?

— காடு முடியுது. அந்தத் திட்டுக்கு அங்கிட்டு, தண்ணி வெட்டவெளியாக் கெடக்குதுல்ல, அங்கே. துணி காயப்போட்ட மாதிரி.

— துணி இல்லடி. நடக்குது. அம்மாடி. எத்தனை!

— பூநாரை. அல்லா பிச்சை பாய் சொன்னாருல்ல, அதிர்ஷ்டம் இருந்தாப் பாப்பீங்கன்னு.

— என்ன கலர்டி இது?

— வெங்காயக் கலர்.

— வெங்காயக் கலர் இன்னும் அழுத்தமா இருக்கும். இது பால்ல ரோஜா இதழைப் போட்டு எடுத்த மாதிரி. இந்தா, ஒண்ணு றெக்கையைத் தூக்குச்சு பாரு! உள்ளே அரக்கு. ஓரத்துல கறுப்பு பார்டர். வெளியில சாதுவா இருந்துக்கிட்டு உள்ளே இப்படி ஒரு கான்ட்ராஸ்ட்! இதை நெய்ஞ்சவன் யாருடி?

— மேல இருக்கற அவனேதான்.

— இந்தச் சேர்மானம் கவுன்ட்டருக்கு வந்துச்சுன்னா விலை கேக்கமாட்டாங்க, தூக்கிட்டுப் போயிருவாங்க. அது ஏன்டி, ஒத்தைக் கால்லயே நிக்குது?

— தெரியலைக்கா. அதுக்கும் ஒரு ஃப்ளோர் சார் இருப்பாரு போல.

— ஷமீரா!

— என்னக்கா?

— உனக்கு இவ்வளவு வாய் இருக்குன்னு இத்தனை நாளாத் தெரியாமப் போச்சே.

— நீங்கதான் பேசமாட்டேன்னுட்டீங்களே. அக்கா, அங்க பாருங்க, நமக்கு முன்னாடி. ராகுலும் மீனாவும்! இன்னும் கொடிகிட்டப் போகலை!

— என்ன பண்ணுதுங்க ரெண்டும்?

— மீனா பறவையோட சேத்து வீடியோ எடுக்குது. ராகுல் ஒருத்தனே துடுப்புப் போடறான்.

— கொடி எங்கே?

— அவங்களைத் தாண்டி, அந்தத் திட்டுல. மூங்கில் கம்புல சிவப்பா, தெரியுதா?

— தெரியுது. ஷமீரா, நீ சேர்ந்த வருஷம் தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி எப்படி மடிச்சோம்?

— பேய் பிடிச்ச மாதிரி மடிச்சோம்.

— அப்படி மடி. உதறு!

— மடி!

— உதறு!

— மடி! ராகுல் பாத்துட்டான்! மீனாவை ஃபோனை வைக்கச் சொல்றான்!

— வைக்கட்டும். உதறு! கைதான் ஓடணும், உடம்பு ஆடக்கூடாது!

— மடி! தோள்பட்டை பிச்சுக்குதுக்கா!

— தோள்பட்டை பிச்சுக்கட்டும், காலு வலிக்குதா?

— இல்லை!

— எனக்கும் இல்லைடி! வேலை நேரத்துல உட்கார்ந்திருக்கேன்டி நான்! உதறு! தம்பி ராகுல், ஓரம் போ! பட்டு செக்‌ஷன் வருது!

— காட்டனையும் சேத்துச் சொல்லுங்கக்கா!

— காட்டனும் வருது! ஓரம் போ!

— மடி! தாண்டிட்டோம்! அக்கா, தாண்டிட்டோம்! பின்தங்கிட்டாங்க!

— திரும்பாதே! உதறு!

— மடி! சத்தத்துல பூநாரையெல்லாம் கிளம்பிருச்சுக்கா, தலைக்கு மேல, மேலே பாருங்க, மொத்தமும் அரக்கு!

— பாத்தா அழுதுருவேன், சும்மா மடி! கொடி! கையை நீட்டறேன், இந்தப் பக்கம் சாயாதே, எதிர்ப்பக்கம் எடை போடு... எட்டலை... இன்னும் ஒரு உதறு...

— மடி!

— எடுத்துட்டேன்! ஷமீரா, எடுத்துட்டேன்டி! கொடி என் கையில!

— உயர்த்திக் காட்டுங்க! ராகுல் பாக்கட்டும்! எல்லாரும் பாக்கட்டும்! ஏ பூமிகா மேடம்! பட்டும் காட்டனும் எடுத்தாச்சு!

— தஞ்சாவூருக்கே கேக்கும் போல, இந்தக் கத்து கத்தறே. கத்து. இன்னும் கத்துடி.

— ராகுல் கை தட்டறான்க்கா. மீனாவும். பின்னாடி வர்ற படகுல இருக்கறவங்களும் தட்டறாங்க.

— தட்டட்டும். இன்னிக்குக் காலைல தட்டினதுக்கு இப்பத்தான் எனக்குக் கணக்கு சரியாச்சு. இந்தா, கொடியை நீ பிடி. கரைக்குப் போவோம். போனதும் மொதலாளி முன்னாடி நிக்கணும், ஸ்டூல்னு சொல்லணும்.

— அக்கா, அந்த வாய்க்கால்ல யாரோ கூப்பிடறாங்க.

— யாரு?

— மொதலாளி குரல் மாதிரி இருக்கு.

— இந்தப் பக்கம்மா! யாரது, தனபாக்கியமா? இங்கே வாங்க, இந்தப் புதருக்குப் பின்னாடி!

— மொதலாளி! ஐயையோ, என்ன மொதலாளி இப்படி முழங்கால் சேத்துல! உங்க படகு எங்கே?

— அக்கா, எந்திரிக்கப் போறீங்க. உட்காருங்க. மறுபடியும் கவுந்துரும்.

— எந்திரிக்காதீங்கம்மா, அவங்க சொல்றது சரி. அதாவது, குறுக்கு வழின்னு தியாகராசன் கூட்டிட்டு வந்தாரு. வாய்க்கால்னா தண்ணி இருக்கும்னு நம்பி வந்துட்டேன். இது கடல் வத்தினா வத்திப்போற வாய்க்காலாம். படகு தட்டி நின்னுருச்சு. நான் இறங்கினதும் மிதந்துச்சு. உடனே அவரு, ஆள் கூட்டிட்டு வரேன்னு படகை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

— உங்களை விட்டுட்டா மொதலாளி?

— அதாவது, ஒருத்தர்தான் போகமுடியும்னாரு. எனக்குத் துடுப்பு சரியா வரலை. நானும் சரின்னுட்டேன். அவரு போயி வெகு நேரமாச்சு. உட்காரலாம்னா எங்கே பாத்தாலும் சேறு, இந்த வேரு வேற குத்துது. கிளையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். ஏம்மா, உங்க படகுல எனக்கு இடம் இருக்காது, இல்லையா?

— ரெண்டு பேருக்குத்தான் மொதலாளி இது. மூணாவது ஆள் ஏறினா மூணு பேரும் சேத்துலதான். ஆனா உங்களைத் தனியா விட்டுட்டுப் போகமாட்டோம். ஷமீரா, விசிலை ஊது. லைஃப் ஜாக்கெட்டுல தொங்குது பாரு.

— ஊதறேன்க்கா. ...பதில் விசில் வந்துருச்சு! அல்லா பிச்சை பாய்தான். இந்தா வந்துருவாரு மொதலாளி. அதுவரைக்கும் நாங்க இங்கேயே இருக்கோம்.

— நல்லதும்மா. இந்தக் காலு வேற, விண்ணு விண்ணுன்னு... அது என்ன கையில, கொடியா? நீங்களா எடுத்தீங்க?

— நாங்கதான் மொதலாளி.

— சுத்திக்கிட்டே கிடந்தீங்களே! கவுந்தீங்களே! ராகுலையா முந்தினீங்க?

— முந்திட்டோம் மொதலாளி. புடவை மடிக்கிற மாதிரி துடுப்புப் போட்டோம். அப்புறம் கையைப் பிடிச்சு நிறுத்த ஆளில்லை.

— பிரமாதம்மா! சரி, கேளுங்க. அதாவது, மைக்குல சொன்ன வார்த்தையை நான் மாத்தமாட்டேன். என்ன வேணும்? கரைக்குப் போயி எல்லார் முன்னாடியும் கேக்கறீங்களா, இப்பவே கேக்கறீங்களா?

— நீ சொல்லு ஷமீரா.

— நீங்க சொல்லுங்கக்கா.

— ...ஸ்டூல் மொதலாளி.

— ஸ்டூலா?

— கவுன்ட்டருக்குப் பின்னாடி உட்காருறதுக்கு. எங்களுக்கு மட்டும் இல்லை, மூணு மாடியில இருக்கற எல்லாருக்கும். எனக்குக் காலு ரெண்டும் நரம்பு சுருட்டிக்கிச்சு. கட்டுப் போட்டுக்கிட்டுத்தான் ஆடியிலேர்ந்து நின்னுக்கிட்டிருக்கேன். கேட்டா அனுப்பிருவீங்களோன்னு சொல்லலை. இப்ப சொல்றேன், ஏன்னா நீங்க முடியாதுன்னு சொல்லமுடியாது.

— ஏம்மா, இதை என்கிட்ட முதல்லயே... ஸ்டூல்தான் அப்பவே வாங்கிப் போட்டேனே. அதுல உட்காருறீங்கன்னுதானே நெனச்சுக்கிட்டிருக்கேன்.

— அதுல பொம்மை உட்கார்ந்திருக்கு மொதலாளி. ஷோகேஸ்ல.

— ...ஆமா. இருக்கு. தினம் அதைத் தாண்டித்தான் வர்றேன். சரி. நாளைக்கே பொம்மையை எல்லாம் இறக்கச் சொல்றேன். பத்தலேன்னா இன்னும் வாங்குவோம். ஆனா ஒண்ணு தனபாக்கியம். அதாவது, கஸ்டமர் இல்லாதப்போ உட்காருங்க. கஸ்டமர் வந்தா எந்திரிச்சுருங்க.

— நம்ம கடையில கஸ்டமர் இல்லாத நேரம் ஷட்டர் இறங்கின நேரம்தான் மொதலாளி.

— சிரிப்பு வருது, ஆனா வேற வழியில்லைம்மா. இது எங்க அப்பா காலத்துலேர்ந்து வர்ற பழக்கம். வர்றவங்களை எந்திரிச்சு நின்னு வாங்கன்னு சொன்னதாலதான் நம்ம கடைக்குப் பேரு. இங்கே நிக்கமுடியாம நிக்கறப்போ எனக்கும் உங்க கஷ்டம் புரியுது, இல்லேன்னு சொல்லலை. ஆனா யோசிச்சுப் பாருங்க. அதாவது, ஒருத்தர் நின்னுக்கிட்டு இருக்காரு, நீங்க அவரு எதிர்ல உட்கார்ந்துக்கிட்டே பதில் சொன்னா, அவருக்கு மரியாதைக் குறைச்சலா இருக்காதா? மனசு நோகாதா? அவரை விடுங்க, உங்களுக்குத்தான் அப்படிப் பேச வாய் வருமா?

— மொதலாளி, தப்பா எடுத்துக்காதீங்க... நாங்க வந்ததுலேர்ந்து நீங்க நின்னுக்கிட்டுத்தான் பேசறீங்க, நானும் அக்காவும் உட்கார்ந்துக்கிட்டுத்தான் பதில் சொல்றோம். உங்களுக்கு மனசு நொந்துச்சா?